சுதந்திரம் எந்தத் தேதி

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. என் கணவரின் அக்கா அவர். பாரீசுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் குடியிருந்தார். வருடா வருடம் ஜூலை பிறந்ததும் வந்து இறங்கி, ஆகஸ்ட் முடியும்போது கிளம்புவார். அந்த இரண்டு மாதமும் உழவர்கரையில் உள்ள எங்கள் வீட்டின் மாடி அறை அவருடையது. கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. நான் வைக்கும் குழம்பில் புளி அதிகம் என்று சொல்லும் உரிமையும் அவருடையது.

அவர் கட்டிக்கொண்டது ஒரு சொல்தாவை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த தமிழர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கணவர் வழியில் இவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதற்காக ஓர் அதிகாரி முன்னால் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததாம். கொடியின் மூன்று நிறங்கள் எங்கிருந்து வந்தன, ஏன் சேவல், குல்லாய் போட்ட அந்தப் பெண்சிலை யார், ஜூலை பதினாலு ஏன் தேசிய தினம் என்று ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து போயிருக்கிறார். அதிகாரி அதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட மீதியை எல்லாம் எங்கள் வீட்டில் வந்து கொட்டினார்.

நான் திண்டிவனத்துக்காரி. தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தினேன். தேசியச் சின்னங்கள் என்ற பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். எனவே அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன். மற்ற வீடுகளில் நாத்தனாரும் தம்பி மனைவியும் நகைக்கும் புடவைக்கும் சண்டை போட்டார்கள். நாங்கள் கொடிக்கும் சின்னத்துக்கும் போட்டோம்.

"உங்க கொடி நடுவுல ராட்டைதான?" என்பார், தெரிந்துகொண்டே.

"ராட்டை இல்லண்ணி, தர்மச் சக்கரம். இருபத்திநாலு ஆரம்."

"என்னமோ, ரெண்டும் சுத்தறதுதான்."

"உங்க சேவல் மாதிரி கூவறதில்ல."

கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் என் கணவர், இந்த இடத்தில் தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

நான் சொல்லப்போவது 2007ஆம் வருடம் நடந்தது. ஊரின் பெயர் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி என்று மாறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைப் பலகைகளில் பாதி பழைய பெயரிலும் பாதி புதிய பெயரிலும் இருந்தன. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து அறுபது வருடம் ஆகிறது என்று எல்லா இடத்திலும் பேச்சு.

அந்த ஜூலை பதினாலாம் தேதி காலையில் நாத்தனார் எங்களையும் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனார். அங்குள்ள போர் நினைவிடத்தின் முன்னால் பிரெஞ்சு தேசிய தின விழா. வயதான சொல்தாக்கள் கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் நாத்தனாரின் கணவரும் இருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். ஊருக்கு வந்தால் டவுனில் உள்ள தன் தம்பி வீட்டில்தான் பகல் முழுவதும் இருப்பார். நாத்தனார் பட்டுப்புடவை கட்டி, முந்தானையில் நீலம், வெள்ளை, சிவப்பு ரிப்பனில் செய்த பூ ஒன்றைக் குத்தியிருந்தார். தன் தோழிகளிடம் என்னைக் காட்டினார்.

"என் தம்பி பொண்டாட்டி. கோரிமேடு தாண்டி இந்தியாலேருந்து வந்தவ."

அந்தக் காலத்தில், ஊர் எல்லையான கோரிமேட்டைத் தாண்டினாலே இந்தியா என்று பேசியிருக்கிறார்கள். அது பழைய பேச்சு. தோழிகள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

முதலில் நம் தேசிய கீதம் இசைக்கப்பட்டது. எல்லாரும் நின்றோம். அடுத்து பிரெஞ்சு கீதம் தொடங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. தெரிந்தேதான் உட்கார்ந்தேன். நாத்தனார் பாட்டு முடியும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பும் ஆட்டோவில்தான் ஆரம்பித்தார்.

"எல்லாரும் நிக்கறாங்க, நீ மட்டும் கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்க."

"அது என் பாட்டு இல்லையேண்ணி."

"உன் பாட்டுக்கு நான் நின்னேன்ல?"

"அது உங்க பாட்டும்தான். நீங்க பொறந்த ஊரு பாட்டு."

"நான் பொறந்தது அம்பத்தேழு. அப்ப இந்த ஊரு பேப்பர்ல இன்னும் பிரான்ஸ்தான். போய் உன் புஸ்தகத்துல பாரு, டீச்சரம்மா."

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் பதினாறாம் தேதி. இடையில் இருந்த வருடங்களில் பிறந்தவர்கள் எந்த நாட்டார் என்று கேட்டால் இரண்டு பதில் சொல்லலாம். அவர் சரியாகச் சொல்லிவிட்டாரே என்ற எரிச்சலில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

பள்ளி நூலகத்தில் தேடி நானும் ஒன்று கண்டுபிடித்து வந்தேன். பாஸ்தில் சிறையை மக்கள் உடைத்தபோது உள்ளே இருந்த கைதிகள் மொத்தம் ஏழே பேர். மறுநாள் காலை காபியோடு அதைச் சொன்னேன்.

"ஏழு பேர வெளிய விட்டதுக்கா அண்ணி அன்னிக்கு ராத்திரி அவ்ளோ வாணவேடிக்கை?"

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். "அலோர், சக்கரை கம்மி" என்றார். எதைச் சொன்னாலும் முன்னால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுக்கொள்வார். பிறகு, "ஆளு எத்தினின்னா கணக்கு? கோட்டை யாருதுன்னுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

ஆகஸ்ட் வரை இப்படித்தான் ஓடியது. பதினைந்தாம் தேதி பிரான்சிலும் விடுமுறை, மாதா பண்டிகைக்கு, என்பார். அறுபது வருடத்தில் ஒழுங்காக ஒரு ரோடு போட்டீர்களா என்பார். அந்த ரோட்டில் போய்த்தானே தினமும் மீன் வாங்குகிறீர்கள் என்பேன். நாங்கள் இருவரும் பேசத் தொடங்கினால் வேலைக்கார அம்மாள்கூடத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார்.

எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது என்று காலனியில் கேலி செய்வோம். குப்பைத் தொட்டி வைப்பதற்கும் சுற்றறிக்கை அனுப்புவார். அறுபதாம் ஆண்டு என்பதால், கொடியேற்றிய பிறகு காலனிப் பூங்காவில் வினாடி வினா நடத்துவது என்று அவர் முடிவு செய்தார். வீட்டுக்கு இரண்டு பேர் கலந்துகொள்ளலாம். கேள்விகளை நான் தயாரித்துத் தருகிறேன் என்று போய்க் கேட்டேன். அவர் சிரித்தார்.

"வேணாம் டீச்சர். நீங்க எழுதனா ஸ்கூல் பரீட்சை மாதிரி இருக்கும். நானே பாத்துக்கறேன்."

கடையில் விற்கும் பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலிருந்துதான் அவர் கேள்விகளை எடுத்தார் என்பது பிறகு தெரிந்தது. கேள்வி கேட்கும் வாய்ப்புப் போனதால், பதில் சொல்வதற்கு என் பெயரையும் கணவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். கணவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எதற்குமே அப்படித்தான் அவர்.

பதினைந்தாம் தேதி காலையில் கொடியேற்றம் முடிந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். பூங்காவில் மேசை போட்டு மைக் வைத்திருந்தார்கள். போட்டிக்கு ஐந்தாறு குடும்பங்கள் வந்திருந்தன. சுற்றிலும் பார்வையாளர்கள். எங்கள் பெயரை அழைத்தபோது கணவரைக் காணவில்லை. பால் வாங்கப் போயிருக்கிறார் என்றது பக்கத்து வீடு. நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கூட்டத்திலிருந்து நாத்தனார் எழுந்து வந்தார், புடவையைச் சரிசெய்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னண்ணி இது?"

"உன் புருஷன் வரமாட்டான். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். நீ தனியா உக்காந்து அசிங்கப்படாத."

எழுந்து போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டார்.

முதலில் வந்தவை சாதாரணக் கேள்விகள். சக்கரத்தில் எத்தனை ஆரங்கள், கொடியின் நீள அகல விகிதம் என்ன. நான் பட் பட்டென்று சொன்னேன். ஆகஸ்ட் பதினைந்தில் கொடி ஏற்றுவதற்கும் ஜனவரி இருபத்தாறில் ஏற்றுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி. சுதந்திர தினத்தில் கம்பத்தின் அடியிலிருந்து கொடியை மேலே இழுப்பார்கள். குடியரசு தினத்தில் மேலேயே கட்டி வைத்த கொடியை அவிழ்ப்பார்கள். மற்ற அணிகள் விழித்தன, நான் சொன்னேன். நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் சரியாகச் சொன்ன ஒவ்வொரு முறையும் "ம்" என்றார், அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் போல.

அடுத்து, தேசியக் கொடியை எந்தத் துணியில் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். "கதர்" என்றேன். சரி என்றார் செயலாளர். அப்போது நாத்தனார் தலைக்கு மேல் கைகாட்டினார். மரத்துக்கு மரம் கயிறு கட்டி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கொடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அப்ப மேல தொங்கறது என்ன சார்?"

கூட்டம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. "அதெல்லாம் அலங்காரம்மா. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார். அவர் காதுகள் சிவந்துவிட்டன.

அடுத்த கேள்வி எங்களுக்கே வந்தது. ஆகஸ்ட் பதினைந்தைச் சுதந்திர நாளாகக் கொண்டாடும் இன்னொரு நாடு எது? தென் கொரியா என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் நாத்தனார் சொன்னார்.

"கொங்கோ. பிரான்ஸ் கிட்டேருந்து வாங்கனது. அறுபதுல."

செயலாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "தப்பு. தென் கொரியா."

"அதுவும் சரி, இதுவும் சரி. எங்க பில்டிங்லயே கொங்கோக்காரங்க இருக்காங்க. இன்னிக்கு அவங்களுக்கும் பண்டிகைதான்."

"அட்டையில கொரியாதாம்மா இருக்கு."

"அட்டையில இல்லன்னா நாடே இல்லையா?"

அவர் சொன்னதும் சரிதான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொரியா என்று சொல்லியிருந்தால் மதிப்பெண் எனக்கு வந்திருக்கும் என்ற ஆத்திரத்தில் இருந்தேன். "உங்கள யாருண்ணி வாயத் தெறக்கச் சொன்னது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "நீ மெதுவா இருந்த" என்றார்.

கடைசிக் கேள்வி எல்லா அணிகளுக்கும் பொது. முதலில் கை தூக்குபவர் சொல்லலாம். செயலாளர் எழுந்து நின்று குரலை உயர்த்தினார்.

"நமது புதுச்சேரி மண் அந்நியரிடமிருந்து சுதந்திரம் பெற்ற நாள் எது?"

நாத்தனார் கை தூக்கினார். "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுபத்திரண்டு, ஆகஸ்ட் பதினாறு."

என் மனதில் இருந்தது 1954 நவம்பர் ஒன்று. இவர் மறுபடியும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் செயலாளர் அட்டையைப் பார்த்துப் படித்தது இரண்டும் இல்லை.

"தவறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, ஆகஸ்ட் பதினைந்து."

அவர் விளையாடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். பார்வையாளர்கள் பக்கம் திரும்பினேன். ஒன்றிரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் பேசினார்.

"சார், நாப்பத்தேழுல இங்க பிரெஞ்சுக் கொடிதான் பறந்துது."

"இந்தியாவுக்கு என்னிக்கோ அன்னிக்குதான் நமக்கும். நாட்டப் பிரிச்சுப் பேசாதீங்க."

"நான் எங்க பிரிச்சேன்? தேதியச் சொன்னேன்."

"அம்மா, பிரான்ஸ்ல பென்ஷன் வாங்கறவங்க இங்க வந்து சுதந்திரத்தப் பத்திப் பாடம் எடுக்க வேணாம். இது எங்க விழா."

கைதட்டல் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "லீவு முடிஞ்சா பிளேன் ஏறிப் போறவங்களுக்கு எதுக்கு இந்தப் பேச்சு?" என்றார். இன்னும் சிலர் சிரித்தார்கள். கடற்கரைச் சாலையில் என்னைப் பார்த்துச் சிரித்த அம்மாளின் சிரிப்பும் இதே ரகம்தான்.

நாத்தனார் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. வீட்டில் உப்பு பத்தவில்லை என்று சொல்கிற அதே குரலில் பேசினார்.

"நாப்பத்தேழுலயே சுதந்திரம் வந்துட்டுதுன்னா, அம்பத்திநாலுல எங்கப்பாவ அடிச்சது யாரு? இந்தக் கொடிய வயித்துல சுத்தி, மேல சட்டையப் போட்டுக்கினு மில்லுக்குள்ள எடுத்துட்டுப் போனாரு. வாசல்லயே பிரெஞ்சுக்காரன் வெச்சிருந்த அடியாளுங்க புடிச்சிட்டாங்க. கொடியக் குடுன்னாங்க. குடுக்கல. முன்னாடி பல்லு ரெண்டும் போச்சு. கொடி, வேட்டி எல்லாம் ரத்தம். நம்ம நாட்டுலயே நம்ம கொடிய வெச்சிருந்ததுக்கா அடிச்சாங்க? சொல்லுங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனாரோடு ஒரே வீட்டில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். அவருக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்திருக்கிறேன். கடினமான எதையும் அவரால் கடிக்க முடியாது என்று முறுக்கை இடித்துக் கொடுத்திருக்கிறேன். பல் எப்படிப் போயிற்று என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. சுருட்டுப் பிடித்ததால் போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

செயலாளர் அத்தோடு விட்டிருக்கலாம். மன்னிப்புக்கூட வேண்டாம், அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவருக்கு மைக் கையில் இருந்தது.

"அப்பேர்ப்பட்டவரு பெத்த பொண்ணு நீங்க. அந்த ரத்தத்துல பொறந்துட்டு பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்துக்கினீங்களே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?"

நாத்தனார் உட்கார்ந்துவிட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனுஷி, மடியில் இருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தார். எத்தனையோ வருடமாக நான் குத்திக் குத்திப் பார்த்தும் கிடைக்காத இடம் அது. யாரோ ஒருவர் மைக்கில் போகிற போக்கில் குத்திவிட்டார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது, செயலாளர் மேல். நாத்தனாரைக் குத்திப் பேச எனக்கு உரிமை உண்டு. வருடத்துக்கு இரண்டு மாதம் ஒரே அடுப்படியில் அவரோடு வெந்தவள் நான். இந்த மனிதருக்கு என்ன உரிமை? நான் எழுந்தேன்.

"சார், ஒரு கேள்வி. நீங்க சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஆகஸ்ட் பதினாறும் ஆபீஸ் லீவுதானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"பதினஞ்சு லீவு சுதந்திர தினத்துக்கு. சரி. மறுநாள் லீவு எதுக்குன்னு நெனச்சு வீட்ல படுத்திருந்தீங்க? முந்தின நாள் மிட்டாய் தின்ன களைப்புக்கா?"

முதலில் சிரித்தது பெரியவர்கள்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நாளைக்கும் விடுமுறை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எதற்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. செயலாளர் மைக்கைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"டீச்சர், நீங்ககூட இப்படிப் பேசுவீங்கன்னு எதிர்பாக்கல."

"நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு நான் எதிர்பாத்தேன் சார். அதான் கேள்விய நான் எழுதித் தரேன்னேன்."

பரிசை எடுத்து எதிர்வீட்டுக்காரர்களிடம் கொடுத்தார்கள். ஒரு ஹாட் பாக்ஸ். அவர்கள் சொன்ன சரியான பதில்கள் எங்களுடையதைவிடக் குறைவு. நாங்கள் இருவரும் கூட்டத்தின் நடுவே நடந்து வெளியே வந்தோம். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் கூட வரவுமில்லை. அடுத்த வருடத்திலிருந்து காலனியில் சுதந்திர தினத்துக்குக் கோலப்போட்டிதான். சங்கச் சுற்றறிக்கை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தது.

தெருமுனை திரும்பியதும் நாத்தனார் நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"உன்ன யாரு எழுந்து பேசச் சொன்னது?"

"பின்ன, நீங்க வாய மூடிக்கினு உக்காந்துட்டீங்க."

"நானே பேசியிருப்பேன். மூச்சு வாங்கக்கூட விடமாட்டியா? உனக்கு அந்தப் பதில்கூடத் தெரியாது. நவம்பர் ஒண்ணுன்னுதான நெனச்சிக்கினு இருந்த? மூஞ்சியிலயே தெரிஞ்சுது."

"நவம்பர் ஒண்ணுதாண்ணி சரி. அன்னிக்குதான் கொடி எறங்குச்சு. அறுபத்திரண்டுல நடந்தது வெறும் கையெழுத்து."

"கையெழுத்து இல்லாம உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"எங்களுக்குத் தாலிதான் கட்டனாங்க. இன்னி வரைக்கும் ரிஜிஸ்டர் பண்ணல."

வீடு வரும்வரை சண்டை. சாப்பிடும்போதும் சண்டை. பால் வாங்கப் போன என் கணவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். பூங்காவில் நடந்ததை அதற்குள் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்.

அன்று மாலை நாத்தனார் மாடிக்குப் போன பிறகு, கணவரை உட்கார வைத்துக் கேட்டேன். மாமனாரின் பல் விஷயத்தை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நீ கேக்கல."

"பல்லு எப்படிப் போச்சுன்னு மாமனாரப் போய் யாராவது கேப்பாங்களா?"

அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். சொல்தா மாப்பிள்ளையைப் பார்த்தது அத்தை வீட்டார். பையன் நல்லவன் என்று மாமனாரும் சம்மதித்திருக்கிறார். கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டவர் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீ எங்கே வேண்டுமானாலும் இரு, பேப்பரை மட்டும் மாற்றாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா சில வருடங்களில் மாற்றிக்கொண்டார். குடியுரிமை இல்லாமல் அங்கே வேலைக்கு அலைந்தது போதும் என்று மாற்றிக்கொண்டாராம். அன்றிலிருந்து அப்பா மகளிடம் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை.

மாமனார் இருந்தவரை நாத்தனார் ஊருக்கு வந்தால் டவுனில் தன் மாமியார் வீட்டில்தான் தங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மாமனார் அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போவார். பிரான்ஸ்காரிக்கு எங்கள் வீடு சின்னதாகத் தெரிகிறது, அந்தப் பெருமை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் அவரைப் பிடிக்காமல் போனது. காரணம் வேறு என்று தெரிந்த பிறகும் பிடித்துவிடவில்லை. அதற்குள் வேறு காரணங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன.

கணவர் மேலும் எனக்குக் கோபம். ஒரே குடும்பத்தில் அப்பாவும் அக்காவும் இப்படி இருந்திருக்கிறார்கள். நடுவில் புகுந்த எனக்கு எதுவும் தெரியாது. எது தெரியாமல் எதைப் பேசி எங்கே இடித்தேனோ. ஜூலை பதினாலில் ஆட்டோவில் "நீங்க பொறந்த ஊரு பாட்டு" என்று சொன்னேனே. அதைக் கேட்டுத்தான் நாத்தனார் அப்படிச் சீறினாரோ என்னவோ. கணவரோடு சில நாட்கள் பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் நாத்தனார் கிளம்பினார். பெட்டி கட்டுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டார். வடாம், மிளகாய்த்தூள், ஊறுகாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கொடுத்தேன். ஊறுகாய் பாட்டிலைச் சரியாக மூடவில்லை என்றார். நீங்களே மூடிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மூடியைத் திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்பாவப் பத்தி அங்க அத்தினி பேரு முன்னாடி சொன்னது தப்பா?"

"தப்பில்ல. ஆனா என்கிட்ட எப்பவோ சொல்லியிருக்கணும்ணி. நான் அவருக்குக் கஞ்சி ஊத்தனவ."

"நீ ஊத்தன. அவரு உன்கிட்ட பேசனாரு. என்கூட பேசாத மனுஷன் கதைய நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உனக்குச் சொல்றது?"

பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுத்தினேன், அவர் பூட்டினார். பூட்டு சரியாக விழவில்லை. இன்னும் கொஞ்சம் வெயிட் போடு, அதற்காவது உன் உடம்பு உதவட்டும் என்றார். உங்கள் ஊர் ரொட்டியைத் தின்றால் இந்த உடம்பு வராது என்றேன்.

சென்னை விமான நிலையத்துக்குக் கார் மதியமே வந்துவிட்டது. அவர் கணவர் என்னிடம் இரண்டு கைகளையும் கூப்பி விடைபெற்றார். நாத்தனார் தம்பியின் தோளைத் தட்டினார். என்னிடம் மாடி அறை ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன், மழை வந்தால் மெத்தை நனையும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் மேலே போய் ஜன்னலைச் சாத்தினேன். அவர் படுத்த மெத்தையை உதறி, தலையணை உறைகளை ஊறவைத்தேன். அதன் பிறகு கொஞ்ச நாள் வீட்டில் யாரும் யாரையும் குத்திப் பேசவில்லை. குழம்பில் புளியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நன்றாகத்தான் இருந்தது.